ஐந்தாவது குறிப்பு

காலை ஏழரைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஆறு குழுக்கள்.
ஆறுக்கும் மீன் பெயர்தான் வைத்தேன்:
சூடை, பாரை, திருக்கை, விளை, கும்பளா, ஓரா.
ஓராவில் விழுந்தவர்கள் முறைத்தார்கள், முள் குத்துமாம்.

ஓட்டோவில் ஏறக்கூடாது.
கடைக்காரரைக் கேட்கலாம், போனைக் கேட்கக்கூடாது.
படம் எடுத்து அனுப்பினால்தான் புள்ளி.
நாலு மாதமாக இந்தத் தெருக்களை
நாலாக மடித்து, எட்டாக மடித்து
விடுகதைக்குள் செருகி வைத்திருந்தேன்.

"நீந்தாத மீன் இரண்டு, வாசலுக்குக் காவல்."
இது சுலபம்.
கோட்டை வாசல் கல்லில் விரல் வைத்து
ஆறு படங்கள், ஆறிலும் ஒரே வெயில்.

"வெட்டு உண்டு, இரத்தம் இல்லை."
ஐந்து குழு இராவணன் வெட்டுக்கு
மூச்சிரைக்க ஏறியது.
கும்பளா மட்டும் சலூனுக்குப் போயிருந்தது.
நாற்காலியில் பாதி மீசையோடு ஒருவர்,
பின்னால் கத்தரிக்கோலைக் கொடிபோல உயர்த்தி
பைறூஸ் காக்கா.
விதியில் பிழையில்லை. புள்ளி கொடுத்தேன்.

ஒன்பது இருபதுக்கு அன்ரனற்றா எடுத்தாள்.
"அக்கா, மான் சாப்பிடுது."
"எந்த மான்?"
"புள்ளி மான்."
"கோட்டைக்குள்ள எல்லாம் புள்ளி மான்தானே."
"குறிப்பைச் சாப்பிடுற மான்."

ஐந்தாவதுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட மறந்திருந்தேன்.
ஆலம் விழுதில் நூல் ஆடிக்கொண்டிருந்தது,
நுனியில் எச்சில் ஊறிய ஒரு துண்டு,
அதில் என் கையெழுத்தில்
இரண்டே சொல்:
இப்போது இல்லை.

முழுதும் இதுதான்:
"முன்னொரு நாள் முழங்கினேன், இப்போது இல்லை."
கடலைப் பார்த்துக் கிடக்கும் பீரங்கி, வேறென்ன.
சொல்லியிருக்கலாம்.
சொல்ல வாயெடுப்பதற்குள்
ஆறு குழுவும் ஆறு பக்கம் போய்விட்டது
இப்போது இல்லாததைத் தேடி.

முதலில் ஓரா.
இறங்குதுறை, தண்ணீர், டயர் கட்டிய தூண்.
கீழே சஞ்ஜீவ எழுதியிருந்தான்:
மூதூர் லோஞ்சு. எனக்கு வாந்தி வரும், அம்மா தேசிக்காய் தருவா.

சூடை அனுப்பியது ஒரு ஹாட்வெயார் கடையை.
பெயின்ற் வாளிகளுக்கு மேலே சுவரில்
சதுரமாக ஒரு ஓட்டை.
அதுவழியாகத்தான் படம் வெள்ளைத் துணிக்குப் போனதாம்.

பாரை, டச்சுக் குடாவில் ஒரு கிணறு.
கிணறு இருக்கு, கப்பி இருக்கு,
சுற்றிவர ஒன்றுமில்லை, மணல்.

திருக்கை ஒரு மூலையைத்தான் எடுத்திருந்தது.
புல் மட்டும் வேறு பச்சையாய் முளைத்த நாலடி இடம்.
அங்கே மண்மூட்டை இருந்ததும்
சைக்கிளை விட்டு இறங்கி உருட்டியதும்
எனக்கும் தெரியும்.
இன்றைக்கும் அந்த இடத்தில் என் கால் பெடலைத் தேடாமல் நிலத்தைத் தேடும்.

விளையின் படம் வர நேரமானது.
துருப்பிடித்த கேற், அதில் 14 என்ற தகரம்,
உள்ளே எருக்கலை.
நிறோமி ஒரு வரி போட்டிருந்தாள்:
புள்ளி வேண்டாம்.

அதற்கு என்ன பதில் எழுதுவதென்று
தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருக்கும்போது
கும்பளா வந்தது.
எண்ணெய் ஊறிய பேப்பர், மிளகாய்க் காம்பு ஒன்று:
ஏழு வடை. இப்போது இல்லை.

சிரித்துவிட்டேன், நல்ல சத்தமாக.
பக்கத்தில் கச்சான் விற்றவர் திரும்பிப் பார்த்தார்.

விடைத்தாளில் ஒரே ஒரு சொல், பீரங்கி.
அங்கே ஒருவரும் போகவில்லை.
பரிசு வட்டிலப்பத்தை
இருபத்துமூன்று பேரும் ஒரே கரண்டியைச் சுற்றவிட்டுத் தின்றோம்.
யார் வென்றதென்று ஓராக்காரர் மட்டும் கேட்டார்கள்.

பின்னேரம் தனியாகப் போனேன்.
சூடு ஆறாத பீரங்கி வாய்க்குள்
ஆறாவது குறிப்பு கசங்காமல் இருந்தது.
திருத்தி எழுதிய எழுத்து, எதுகை மோனை எல்லாம் சரி.
மான் ஒன்று கிட்ட வந்தது.
அதுதானா என்று தெரியாது.
உறையைக் கழற்றி நீட்டினேன்.

மணந்து பார்த்தது.
வேண்டாமென்று போய்விட்டது.